அடைக்கலம் கேட்டு வந்தவர்களை விசாரித்த மன்னர் நஜ்ஜாஷி (ரஹ்)



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரியவர்களே! இந்த ஜும்ஆவில் ஒரு மன்னருடைய வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவரும் நபி (ஸல்) அவர்களும் ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதில்லை. அதனால் அவரை ஸஹாபாக்களின் வரிசையில் வைக்காமல் தாபிஈன்களில் சேர்க்கிறார்கள் உலமாக்கள். பெயர் அஸ்ஹமா. ஹபஷா நாட்டை ஆண்டவர். ஹபஷா என்றால் இன்றைய எத்தியோப்பியா, எரித்ரியா பக்கம். நஜ்ஜாஷி என்பது அந்த நாட்டு மன்னர்களின் பட்டம். ரோமாபுரி மன்னருக்குக் கைஸர், பாரசீக மன்னருக்குக் கிஸ்ரா என்று சொல்வதைப் போல.

ஏன் இப்போது இவரைப் பற்றிப் பேச வேண்டும்? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். கையில் பாஸ்போர்ட் இருந்தால் சில மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். அதே கடலில்தான் 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் இல்லாமல், மாற்றுத் துணிகூட இல்லாமல், படகில் ஏறி வந்தார்கள் இலங்கைத் தமிழர்கள். 1990இல் மறுபடி வந்தார்கள். 2006இல் வந்தார்கள். 2022இல் அந்த நாட்டில் பாலுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டில் பிள்ளைகளோடு இறங்கினார்கள். சட்டத்தின் கண்ணில் இவர்கள் அனுமதியில்லாமல் நுழைந்தவர்கள். சேர்த்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா? டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஒருவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் இரக்கத்தைப் பிடித்துக்கொள்வார், டீ ஆறிப்போகும். நஜ்ஜாஷி மன்னர் இந்த இரண்டில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தவர் அல்ல.

அவருடைய சிறுவயதிலிருந்து தொடங்குவோம். இந்தச் செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, உர்வா (ரஹ்) அவர்கள் வழியாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். அஸ்ஹமாவின் தந்தைதான் ஹபஷாவின் மன்னர். அவருக்கு இவர் ஒரே மகன். ஆனால் மன்னரின் தம்பிக்கோ 12 ஆண் மக்கள். நாட்டுப் பெரியவர்கள் கூடிக் கணக்குப் போட்டார்கள். ஒரே மகனை நம்பி ஆட்சியை விடுவதைவிட, 12 மகன்கள் இருக்கும் தம்பியிடம் போனால் வாரிசுக்குப் பஞ்சம் வராது என்று முடிவு செய்து, மன்னரைக் கொன்றுவிட்டுத் தம்பியை அரியணையில் ஏற்றினார்கள்.

அநாதையான பிள்ளை சிற்றப்பாவின் அரண்மனையிலேயே வளர்ந்தது. புத்திசாலிப் பிள்ளை. சிற்றப்பாவுக்கு அவர்மேல் பிரியம் கூடிக்கொண்டே போனது. கொலை செய்தவர்களுக்கு அதுவே பயமாகிவிட்டது. நாளைக்கு இவன் கையில் அதிகாரம் வந்தால் நம்மைச் சும்மா விடுவானா? பையனைக் கொல்லச் சொல்லி நெருக்கினார்கள். அவர் மறுத்து, கடைசியில் நாட்டைவிட்டு வெளியேற்ற மட்டும் சம்மதித்தார். அவர்கள் அந்தப் பிள்ளையைச் சந்தைக்குக் கொண்டுபோய் 600 திர்ஹத்துக்கு ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டார்கள். அவன் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். மன்னரின் மகன், சொந்த நாட்டிலிருந்து அடிமையாகக் கடல் ஏற்றப்படுகிறார்!

அன்று மாலையே மேகம் திரண்டது. மழைக்கு வெளியே வந்த சிற்றப்பாவின் மீது இடி விழுந்து அவர் இறந்துபோனார். 12 மகன்களைப் பார்த்தார்கள். ஒருவரிடமும் ஆளும் தகுதி இல்லை. வேறு வழியில்லாமல் விற்ற பிள்ளையையே தேடி ஓடினார்கள். வியாபாரியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கிரீடம் சூட்டினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வியாபாரி பின்னாலேயே வந்து தன் பணத்தைக் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை. மன்னரிடமே போய் முறையிட்டான், ஒரு கூட்டத்தாரிடம் ஓர் அடிமையை வாங்கினேன், பணத்தையும் வாங்கிக்கொண்டு அடிமையையும் பறித்துவிட்டார்கள் என்று. மன்னர் தீர்ப்புச் சொன்னார்: ஒன்று இவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த அடிமை இவருடைய கையில் தன் கையைக் கொடுத்து இவரோடு போவான். அந்த அடிமை யார்? தீர்ப்புச் சொல்கிற மன்னரேதான். அவர்கள் உடனே பணத்தைக் கட்டினார்கள். அவருடைய நீதிக்கு முதல் சோதனையாக அமைந்தது இதுதான் என்கிறார்கள். சட்டம் தனக்கு எதிராகப் போனாலும் அதை வளைக்காதவர். இரக்க குணத்தால் சட்டத்தைத் தூக்கிப் போட்டவர் என்று இவரை யாரும் சொல்ல முடியாது.

நபித்துவத்தின் 5ஆம் ஆண்டு, கி.பி. 615. மக்காவில் கொடுமை தாங்க முடியவில்லை. ஹபஷாவில் யாருக்கும் அநீதி செய்யாத ஒரு மன்னர் இருக்கிறார், அங்கே போங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். முதலில் போனவர்கள் 15 பேர் அளவில். உஸ்மான் (ரலி) அவர்களும் நபிகளாரின் மகள் ருகையா (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். ஷுஐபா துறையில் இரண்டு வியாபாரப் படகுகள் நின்றன. அரை தீனார் கூலிக்கு ஏற்றிக்கொண்டார்கள். குறைஷிகள் துரத்திக்கொண்டு கரைக்கு வந்தபோது படகு போய்விட்டது. மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நகையை விற்றுப் படகுக் கூலி கொடுத்து வந்தவர்களின் கதையைக் கேட்டிருப்பீர்கள். நம் ஸஹாபாக்களும் அப்படித்தான் போனார்கள், யாரிடமும் சொல்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல்.

மக்காவில் நிலைமை சரியாகிவிட்டது என்ற பொய்ச் செய்தியை நம்பிச் சிலர் திரும்பினார்கள். வந்து பார்த்தால் முன்பைவிட மோசம். இரண்டாவது முறை போனது பெரிய கூட்டம், 80க்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்களும் பிள்ளைகளும் வேறு. ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

குறைஷிகள் சும்மா இருக்கவில்லை. அம்ரு பின் ஆஸையும் அப்துல்லாஹ் பின் அபீ ரபீஆவையும் தூதர்களாக அனுப்பினார்கள். மக்காவின் பதனிட்ட தோலுக்கு ஹபஷாவில் நல்ல மதிப்பு. அதை மன்னருக்கும் கொண்டுபோனார்கள், மன்னரின் சபையிலிருந்த ஒவ்வொரு பாதிரியாருக்கும் தனித்தனியாகவும் கொண்டுபோனார்கள். முதலில் பாதிரியார்களைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஒரே ஒரு உதவி கேட்டார்கள். மன்னர் அந்த அகதிகளைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே எங்களிடம் ஒப்படைக்கும்படி நீங்கள் சொல்ல வேண்டும் என்று. அவர்கள் பயந்தது மன்னரின் இரக்கத்துக்கு அல்ல, விசாரணைக்கு. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சபையில் அவர்கள் வைத்த வாதம் ஒன்றும் லேசானதல்ல. இவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். சொந்த மார்க்கத்தை விட்டார்கள், உங்கள் மார்க்கத்திலும் சேரவில்லை. இவர்களின் தகப்பன்மாரும் உறவினர்களும்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள். இவர்களைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும். எந்த நாட்டு அரசும் காது கொடுத்துக் கேட்கக்கூடிய வாதம். மக்காவோடு வியாபாரம் இருக்கிறது, நல்லுறவு இருக்கிறது. முகம் தெரியாத சில வெளியூர்க்காரர்களுக்காக அதைக் கெடுத்துக்கொள்வானேன்? பாதிரியார்களும் ஆமாம் போட்டார்கள்.

மன்னருக்குக் கோபம் வந்தது. எத்தனையோ இடம் இருக்க என் நாட்டைத் தேர்ந்தெடுத்து வந்து, என் பாதுகாப்பில் தங்கியிருக்கிற மக்களை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னார். விசாரிப்பேன், தூதர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டாவது பாதியை நாம் பயான்களில் விட்டுவிடுகிறோம். அவர் கதவை அகலத் திறந்து வைத்து எல்லோரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. திருப்பி அனுப்பும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, முதலில் கேட்போம் என்றார்.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். நாங்கள் சிலைகளை வணங்கிக்கொண்டு, செத்ததைத் தின்றுகொண்டு, உறவை முறித்துக்கொண்டு, பலமுள்ளவன் பலவீனனை விழுங்குகிற கூட்டமாக இருந்தோம். எங்களில் ஒருவரை அல்லாஹ் தூதராக அனுப்பினான், அவர் எங்களை உண்மைக்கும் அமானிதத்துக்கும் அழைத்தார், அதற்காக எங்களைச் சித்திரவதை செய்தார்கள், அதனால் உங்கள் நாட்டைத் தேடி வந்தோம் என்று விவரித்தார்கள். மன்னர் ஆதாரம் கேட்டார். உங்கள் தூதர் கொண்டு வந்ததில் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னரின் தாடி நனையும் அளவுக்குக் கண்ணீர். பாதிரியார்களும் அழுதார்கள்.

அம்ரு விடவில்லை. மறுநாள் வந்து, இவர்கள் ஈஸா நபியைப் பற்றித் தவறாகப் பேசுகிறார்கள் என்று கொளுத்திப் போட்டார். கிறிஸ்தவ மன்னரின் சபை. அகதிகள் அந்த இரவைப் போல் ஓர் இரவைப் பார்த்ததில்லை என்று, அங்கே இருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து தெரிகிறது. ஆனாலும் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, இந்த அளவுகூட வித்தியாசமில்லை என்றார். பாதிரியார்கள் முணுமுணுத்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. இந்த நாட்டில் நீங்கள் பாதுகாப்பானவர்கள், உங்களை ஏசுகிறவருக்கு அபராதம் என்று அறிவித்தார். தூதர்களின் அன்பளிப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் ஆட்சியை எனக்குத் திருப்பித் தந்தபோது அல்லாஹ் என்னிடம் லஞ்சம் வாங்கவில்லை, நான் ஏன் வாங்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். 600 திர்ஹத்துக்கு விற்கப்பட்ட நாள் அவருக்கு மறக்கவில்லை.

இப்போது நம் நாட்டைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலை தேடி வந்தவரும், கழுத்தில் கத்தி இருந்ததால் ஓடி வந்தவரும் அந்தச் சட்டங்களில் ஒரே வகைதான். யார் எதற்காக வந்தார் என்று ஜஅஃபர் (ரலி) அவர்களைப் போல எழுந்து நின்று சொல்ல ஓர் இடம் சட்டத்தில் இல்லை. அரசு மனம் வைத்தால் விலக்குக் கிடைக்கும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரிலேயே உத்தரவு வந்தது, நல்ல காரியம். ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. எந்த மதத்து முஸ்லிமல்லாதவர், எந்த மூன்று நாட்டிலிருந்து என்றுதான் அது கேட்கிறது. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நஜ்ஜாஷியின் சபையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதானே?

உங்களில் ஹதீஸ் படித்தவர்கள் ஹுதைபிய்யாவை நினைப்பீர்கள். நினைக்க வேண்டியதுதான். ஹிஜ்ரி 6இல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் காலில் விலங்கோடு தப்பி வந்து விழுந்தார்கள். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. இவரை மட்டும் விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் எதிர்த்தரப்பு மறுத்தது. கடைசியில் அவர் திருப்பித் தரப்பட்டார். ஸஹாபாக்கள் துடித்துப்போனார்கள். சட்டத்தின் பக்கம் நிற்பவருக்கு இதில் ஆதாரம் உண்டு, மறைக்க மாட்டேன். கொடுத்த வாக்குக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் அதற்குப் பிறகு உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) போன்ற பெண்கள் ஹிஜ்ரத் செய்து வந்தபோது என்ன கட்டளை இறங்கியது? விசாரியுங்கள், உண்மை என்று தெரிந்தால் திருப்பி அனுப்பாதீர்கள் என்று. அதனால்தான் அந்த அத்தியாயத்துக்கே மும்தஹினா, சோதித்து அறிவது என்று பெயர்.

நஜ்ஜாஷியிடம் திரும்புவோம். அவர் கொடுத்த அடைக்கலம் இலவசமாக வரவில்லை. மார்க்கத்தை விட்டு விலகிவிட்டார் என்று சொல்லி அவருடைய சொந்த மக்களே கிளர்ச்சி செய்தார்கள். போருக்குப் புறப்படும் முன் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கும் கூட்டத்தாருக்கும் கப்பல்களைத் தயார் செய்து கொடுத்தார். ஏறி அதிலேயே இருங்கள், நான் தோற்றால் விரும்பிய இடத்துக்குப் போய்விடுங்கள், ஜெயித்தால் இங்கேயே தங்குங்கள் என்றார். தன் அரியணை ஆடும்போது அகதிகளின் கப்பலைப் பற்றி யோசித்த மன்னர்! வேறொரு போரின்போது, கூட்டத்திலேயே இளையவரான ஸுபைர் (ரலி) அவர்கள் காற்றடைத்த தோல்பையில் மிதந்து நைல் நதியைக் கடந்து போய்ப் பார்த்து, மன்னர் ஜெயித்துவிட்டார் என்று துணியை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

நெருக்கடி வந்தால் அகதிகள்மேல் கோபம் திரும்புவது எங்கும் நடப்பது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். செய்தது ஓர் இயக்கம். அதன் பிறகு முகாம்களிலிருந்த ஏழைக் குடும்பங்களைத் தமிழகம் பார்த்த பார்வையே மாறிவிட்டது. 1992இல் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். உண்மையில் விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்து, அந்த ஆண்டுதான் ஐ.நா. அகதிகள் ஆணையம் அதைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்கப்பட்டது. நாட்டுக்குத் தன் பாதுகாப்பைப் பார்க்கும் கடமை உண்டு. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் என்று ஒன்று வைத்திருப்பதும் அந்தக் கடமையின் பெயரால்தான். ஆனால் குற்றம் செய்தவன் யார், குற்றத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் யார் என்று பிரிப்பதற்கு விசாரணையைத் தவிர வேறு கருவி கிடையாது.

நம் ஜமாஅத்திலேயே ஒரு முணுமுணுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் துரத்தினார்களே, வடக்கிலிருந்து சுமார் 75,000 பேர் புத்தளம் பக்கம் போய் விழுந்தார்களே, அப்போது யார் பேசினார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான வேதனை. அதற்குத் தமிழ் அகதியின் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்? ஹபஷாவில் அடைக்கலம் கேட்டவர்கள் மன்னரின் மதத்தவரும் இல்லை, மொழியினரும் இல்லை. மேலும் நம் வீட்டு வரலாற்றைத் திறந்து பாருங்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் என்று நம் பக்கத்தில் சபுராளி இல்லாத வீடு ஏது? ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1942இல் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்களும், 1964க்குப் பிறகு கடையும் சொத்தும் பறிபோய் வெறுங்கையோடு கப்பலில் வந்திறங்கியவர்களும் நம் மக்களில் உண்டு.

மன்னருடைய நாட்டில் முஹாஜிர்கள் 13 ஆண்டுகள் போல இருந்தார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்தன. ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஹபஷாவில் பிறந்தவர். கணவர் இறந்து தனித்துப்போன உம்மு ஹபீபா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணமுடிக்க விரும்பியபோது, நஜ்ஜாஷியே முன்னின்று நிக்காஹை நடத்தி 400 தீனார் மஹரையும் தன் கையிலிருந்து கொடுத்தார். நம் பக்கம் தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் வழியில் துவாக்குடிக்குப் பக்கத்தில் வாழவந்தான்கோட்டை முகாம் இருக்கிறது. முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021இல் தமிழக அரசு மாற்றியது, வீடுகள் கட்டவும் பணம் ஒதுக்கியது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எது நாடு? 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் சட்டப்படி குடிமகன். மண்டபம் முகாமில் அதற்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே படித்து, இங்கேயே நிக்காஹோ கல்யாணமோ முடித்து, வெளிநாட்டினராகவே இருக்கிறார்கள்.

அகழ் யுத்தத்துக்குப் பிறகு அம்ரு பின் ஆஸ் மீண்டும் ஒருமுறை ஹபஷா வந்தார். இம்முறை நபிகளாரின் தூதராக வந்திருந்த அம்ரு பின் உமைய்யா (ரலி) அவர்களைத் தன் கையில் ஒப்படைக்கும்படி கேட்டார், கொல்வதற்காக. மன்னர் தன் மூக்கிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார், உடைந்துவிட்டதோ என்று பயந்தேன் என்கிறார் அம்ரு. அந்தச் சந்திப்பில்தான் அவர் உள்ளத்தில் இஸ்லாம் நுழைந்தது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர், ஈமானோடு திரும்பினார்.

ஹிஜ்ரி 7இல், மதீனாவில் நிலைமை உறுதியான பிறகு, நபி (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மன்னர் இரண்டு கப்பல்களில் ஏற்றிக் கண்ணியமாக அனுப்பிவைத்தார். கைபர் வெற்றியின்போது ஜஅஃபர் (ரலி) அவர்கள் வந்து சேர, கைபரின் வெற்றிக்கு மகிழ்வதா, ஜஅஃபரின் வரவுக்கு மகிழ்வதா என்று தெரியாத அளவுக்கு நபியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கப்பலில் வந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் ஒரு மனக்குறை. நாங்கள்தான் முதலில் ஹிஜ்ரத் செய்தவர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொல்லிவிட்டார்கள். நபியவர்களிடமே போய்க் கேட்டார்கள். கப்பல்காரர்களாகிய உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் நன்மை என்று பதில் கிடைத்தது. ஊர் திரும்பியவர்களை அகதியாக இருந்தவர்கள் என்று யாரும் குறைவாக நடத்தாமல் இருக்க, அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

ஹிஜ்ரி 9, ரஜப் மாதத்தில் நஜ்ஜாஷி (ரஹ்) வஃபாத்தானார்கள். அதே நாளில் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் அந்தச் செய்தியை அறிவித்து, ஸஹாபாக்களை வரிசையாக நிறுத்தி, நான்கு தக்பீர் சொல்லி ஜனாஸா தொழுதார்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் காயிப் ஜனாஸா தொழுவதற்கு இதுதான் ஆதாரம். ஹனஃபிகளாகிய நாங்கள், அது அந்த மன்னருக்கு மட்டும் உரிய சிறப்பு என்போம். இரண்டு மத்ஹபின் கிதாபிலும் அவருடைய பெயர் இருக்கிறது.

எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் நெகாஷ் என்ற ஊரில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசலும் அடக்கத்தலமும் இருக்கின்றன. 2020 நவம்பரில் தொடங்கிய போரில் அந்தப் பள்ளிவாசல் குண்டு வீச்சில் சேதமானது. அந்தப் போருக்குப் பயந்து, நஜ்ஜாஷியின் மண்ணிலிருந்து 60,000 பேர் ஆற்றைக் கடந்து சூடான் நாட்டுக்குள் அகதிகளாக நுழைந்தார்கள்.